நகவெட்டியின் நாற்பத்தெட்டுத் தொட்டிகள்

நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருப்பதையே பெரிய சாதனையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் என் நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருந்து, ஒரே பேருந்தில் வேலைக்குப் போய், ஒரே மேசையில் எதிரெதிரே நின்று தொட்டிகளில் மண் நிரப்பி, அதே பேருந்தில் திரும்பி வருகிறேன். பதினொரு வருடமாக. இதற்கு யாரும் எனக்கு மாலை போடப் போவதில்லை என்பதால் நானே எழுதி வைக்கிறேன்.

நாங்கள் வேலை செய்வது ஒரு நர்சரியில். முன்பக்கம் கடை, பின்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட மூன்று கொட்டகைகள். நாத்தனார் இருபத்திரண்டு வயதில் தண்ணீர்க் குழாய் பிடிக்க வந்தவர். இப்போது நாற்பத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எவனாவது வந்து மாட்டியிருந்தா அவன் பாவம்ல" என்பார். அவருக்கே தெரிந்திருக்கிறது, நான் என்ன தனியாகச் சொல்ல.

கொட்டகையில் அவருக்கு நகவெட்டி என்று பேர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. வலது கட்டைவிரல் நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பார். அதன் ஓரம் எப்போதும் பச்சையாக இருக்கும். கத்தரிக்கோல் எடுக்காமல் அந்த நகத்தாலேயே துளிர்களைக் கிள்ளுவார். ஒரு வரிசையை அவர் முடித்துவிட்டு நிமிரும்போது நான் நாலாவது தொட்டியில் இருப்பேன். அதற்கும் ஒரு பேச்சு விழும்.

"கையா அது? அகப்பையா?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் முறையிட்டால், "அக்கா சொன்னா அதுல ஏதாவது விஷயம் இருக்கும்" என்பார். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். நடுவழியில் சிக்கி நிற்கிறவர்களை ஊரெல்லாம் போய் மீட்டெடுப்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் மட்டும் வந்து சிக்கமாட்டார்.

நாத்தனார் உயிரை விடுவது கிளமாட்டிஸ் கொடிகளுக்காக. உள்ளங்கை அகலத்துக்குப் பூக்கிற கொடி அது. ஆனால் வெளியிலிருந்து எங்களிடம் வரும்போது டம்ளர் அளவுத் தொட்டியில், தீக்குச்சித் தடிமனில் ஒற்றைத் தண்டோடு பரிதாபமாக நிற்கும். அதை அப்படியே தரையில் நட்டால் பாதிக்குமேல் போய்விடும். நத்தை தின்னும், வேர் காயும், யாராவது மிதிப்பார்கள். அதனால் ஆழமான பெரிய தொட்டிக்கு மாற்றி ஒரு வருடம் வளர்த்து, வேர் தொட்டியை நிறைத்த பிறகுதான் தரைக்கு அனுப்புவோம். மாற்றும்போது தண்டின் இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி இறக்கவேண்டும். மேலே முறிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். பக்கத்தில் குச்சி ஊன்றித் தளர்வாகக் கட்டவேண்டும். இறுக்கினால் தண்டு படக்கென்று போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த முதல் வருடம் பூக்கவே விடக்கூடாது. மொட்டு பட்டாணி அளவில் பச்சையாக இருக்கும்போதே கிள்ளி எறியவேண்டும். பூவுக்குப் போகிற சத்து வேருக்குப் போகட்டும் என்பது கணக்கு. எங்கேயும் படித்ததில்லை, எல்லாம் பேருந்தில் கேட்டது. இறங்கும் இடம் வரும்வரை அவர் பேச்சை நிறுத்தியதில்லை.

இத்தனை தெரிந்தவருக்குக் கொட்டகையின் மேற்பார்வைப் பொறுப்பு என்றோ வந்திருக்கவேண்டும். வரவில்லை. முதல் தடவை கணினி தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் ஒன்றரை வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டார். இரண்டாம் தடவை முதலாளியின் நண்பருக்குப் போனது. அவருக்கு மண் தூசி ஒத்துக்கொள்ளாமல் தும்மித் தும்மியே விலகினார். இரண்டு தடவையும் நாத்தனார் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடியில் தன் அறையைக் கழுவினார். நடுமதியத்தில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கீழே எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. என் மாமியார் வாயில்லாப்பூச்சி, அந்தக் குறையை இவர் தீர்த்துவைக்கிறார் என்று நான் ஆயிரம் திட்டினாலும், அந்த இரண்டு நாளும் எனக்கு மனசு கேட்கவில்லை.

மூன்றாம் தடவை வாய்ப்பு வந்தது போன வருடம். புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலின் நடுமுற்றத்துக்கு நாற்பத்தெட்டு கிளமாட்டிஸ் கேட்டிருந்தார்கள். நாலு சுவரிலும் வெள்ளைப் பூ மட்டும். விளம்பரப் படத்தில் வெள்ளைப் பூ மூடிய சுவரை வரைந்தே போட்டுவிட்டார்கள். முதலாளி நாத்தனாரை அழைத்து, "இது நல்லபடியா போய்ச் சேர்ந்தா கொட்டகை உங்க பொறுப்பு" என்றார். வாயால் சொன்னதுதான், ஆனால் என் எதிரில் சொன்னார்.

குளிர் குறையத் தொடங்கிய வாரத்தில் கன்றுகள் வந்தன. நாலு தட்டு. ஒவ்வொரு தட்டிலும் பன்னிரண்டு. தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பூப் படம் போட்ட அட்டை செருகியிருந்தது. நாற்பத்தெட்டையும் நாங்கள் இரண்டு பேரும் மாற்றினோம். முன்னாலிருந்த இரண்டு வரிசை அவருடையது, பின்னால் சுவரோரம் இருந்த இரண்டு வரிசை என்னுடையது. அன்று ஆரம்பித்தது எனக்குச் சனி.

நான் ஊன்றிய குச்சியைப் பிடுங்கி அரை விரல் தள்ளி மறுபடி ஊன்றுவார். நான் ஊற்றிய தண்ணீர் போதாது என்பார். ஊற்றினால் அதிகம் என்பார். மொட்டு கட்டுகிற மாதங்களில் தினமும் சாயங்காலம் என் வரிசையைச் சோதிப்பார். ஒரு மொட்டு தப்பியிருந்தால் போதும், அதைக் கிள்ளி என் கையில் வைப்பார். ஒன்றும் சொல்லாமல் வைத்தாலாவது பரவாயில்லை.

"இதை உன் வீட்டுக்காரன்கிட்ட காட்டு. கண்ணாடி வாங்கித் தரச் சொல்லு."

அவர் தம்பிதான் என் வீட்டுக்காரர். அந்த நேரத்தில் மட்டும் அவன் எனக்குச் சொந்தமாகிவிடுவான்.

இதற்கிடையில் மாப்பிள்ளை வந்து மூக்கை நுழைத்தார். மாப்பிள்ளை என்றால் முதலாளியின் மருமகன். முன்பக்கக் கடையைப் பார்த்துக்கொள்கிறார். கொட்டகையில் எல்லோருமே அவரை மாப்பிள்ளை என்றுதான் சொல்வோம்.

"ரெண்டே ரெண்டு தொட்டி பூக்கட்டும் விடுங்க. கடை வாசல்ல வெக்கிறேன். பூ இருந்தாத்தான் ஆள் நிப்பாங்க."

"ஆள் நிக்கணும்னா நீங்க போய் நில்லுங்க. என் செடி நிக்காது" என்றார் நாத்தனார்.

"நாப்பத்தெட்டுல ரெண்டுதானே கேட்கிறேன்?"

"நாப்பத்தெட்டும் போகணும்னு சொன்னது உங்க மாமனார். அவரைக் கேட்டுட்டு வாங்க."

மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். முதலாளியைக் கேட்டாரோ இல்லையோ, திரும்பி வரவில்லை. நாத்தனாருக்கு வெற்றிக் களை. வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்து நடந்ததுதான் நான் இத்தனை நேரம் சுற்றி வளைத்துச் சொல்ல வந்தது. வெயில் உச்சத்தில் இருந்த ஒரு வாரம், எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியாமல் இரண்டு நாள் பின்வரிசையை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பார்த்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் தொட்டியை நகர்த்தினால், சுவருக்கும் இலைக்கும் நடுவில், தாழ்வாக, ஒரு பூ முழுசாக விரிந்திருந்தது.

ஊதா நிறம். நல்ல அடர்ந்த ஊதா.

அதைப் பார்த்ததும் நிறம் தப்பாக இருக்கிறதே என்று நான் நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. ஐயோ, ஒரு மொட்டு தப்பினதற்கே அந்தப் பேச்சு, முழுப் பூவுக்கு என்ன பேசுவாரோ என்றுதான் நினைத்தேன். அவர் செருப்புச் சத்தம் கேட்டது. பூவைப் பறித்து மேலங்கிப் பையில் திணித்துக்கொண்டேன். அவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, இன்னைக்கு ஒண்ணும் விடல" என்றார். அந்தப் பாராட்டை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

கழிப்பறையில் போய் பையைத் திறந்தபோதுதான் நிறம் உறைத்தது. பூ கசங்கி நாலாய் மடிந்திருந்தது. தட்டில் ஒன்றிரண்டு மாறி வருவது சகஜம், ஒரே ஒரு செடி கலந்திருக்கும், நடுகிற இடத்தில் ஒரு மூலையில் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்தத் தொட்டி என்று அடையாளம்கூட வைக்கவில்லை. அடையாளம் வைத்தால் ஏன் என்று கேட்பாரே. பூவை எருக்குழியில் போட்டு மேலே இலை தள்ளினேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மேசையில் நிற்கும்போது நாத்தனார் ஒரு தொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதோட இலைக்காம்பு கொஞ்சம் கறுத்த மாதிரி இல்ல? மத்த வெள்ளைக்கெல்லாம் இப்படி இருக்காது. எல்லாத்துலயும் இருக்கு. என்னவோ சரியா படல எனக்கு. நீ ஏதாவது பார்த்தியா?"

நான் மண்ணை அள்ளி அடுத்த தொட்டியில் போட்டேன்.

"இல்லக்கா. வெயில்ல அப்படி இருக்கும்."

"வெயில்லயா?"

"ஆமாக்கா."

பதினொரு வருடத்தில் அவர் என் பேச்சை நம்பி ஒரு விஷயத்தை விட்டது அந்த ஒரு தடவைதான். தொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

குளிர் வந்தது, போனது. நாற்பத்தெட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. நர்சரியில் அப்படி நடந்ததே இல்லை என்று முதலாளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் வேர், கூடை பின்னினாற்போல் சுற்றிக்கொண்டு மண்ணோடு அப்படியே வரும். அதை நாத்தனார் இரண்டு கையிலும் ஏந்தி என்னிடம் காட்டினார். பேசவில்லை, காட்டினார். எனக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. இப்போதாவது சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். ஒரே ஒரு செடிதானே என்று வாயை மூடிக்கொள்வேன். இப்படியே நடுகிற நாளும் வந்துவிட்டது.

முற்றத்தில் இரண்டு நாள் நட்டோம். ஒவ்வொரு குழியும் முழங்கை ஆழம். தொட்டியில் இருந்ததைவிட இன்னும் நாலு விரல் கீழே இறக்கி, அடியில் நிழலுக்குத் தட்டைக் கல் பதித்து, சுவரில் கட்டியிருந்த கம்பியில் ஒவ்வொரு தண்டாக நாத்தனாரே ஏற்றிக் கட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

இரண்டு மாதம் கழித்து, ஹோட்டல் திறப்பதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது, முதலாளிக்குத் தொலைபேசி வந்தது. அவர் எங்கள் இரண்டு பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

நாலு சுவரும் ஊதா. கலப்பு இல்லை, ஒன்றிரண்டு இல்லை. நாற்பத்தெட்டும். தரையிலிருந்து தலைக்கு மேல்வரை பூ, கொத்துக் கொத்தாக. அப்படி ஒரு கிளமாட்டிஸ் சுவரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அட்டையை மாற்றிச் செருகி அனுப்பியது கன்று கொடுத்தவர்கள்தான். ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்தது நாங்கள்.

ஹோட்டல் மேலாளர் ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

"செடி ரொம்ப அருமையா வந்திருக்கு. நான் குறையே சொல்லமாட்டேன். ஆனா எங்களுக்கு வேண்டியது வெள்ளை. எல்லாத்தையும் எடுத்துடுங்க."

நாத்தனார் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முதலாளியிடம், "இன்னைக்கே எடுத்திடுறேன் சார், வேற யாரும் வேண்டாம்" என்றார். மண்வெட்டி எடுத்துக்கொண்டு அவரே தோண்டினார். நான் பூவோடு கொடிகளை வெட்டி வெட்டிக் கோணியில் போட்டேன். பூத்து நிற்கிற செடியைச் சுடும் வெயிலில் பிடுங்கினால் என்ன ஆகும் என்று பேருந்தில் எனக்குப் பல தடவை சொன்னவர் அவர். திரும்பக் கொண்டுவந்து தொட்டியில் வைத்ததில் பதினேழுதான் பிழைத்தது.

அடுத்த நாள் முதலாளி எங்களை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். மாப்பிள்ளையும் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் சிரிக்காமல் நின்றதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ரெண்டே ரெண்டு தொட்டியைப் பூக்க விட்டிருந்தா போன வருஷமே தெரிஞ்சிருக்கும். இவர் கேட்டார் இல்ல?" என்றார் முதலாளி.

"கேட்டார் சார். நான்தான் விடல" என்றார் நாத்தனார்.

"தொழில் தெரிஞ்சவங்கதான் நீங்க. இல்லேங்கல. ஆனா நாலு பேர் சொல்றதைக் காதுல வாங்கணும். அதனால கொட்டகைப் பொறுப்பை இவங்ககிட்ட கொடுக்கலாம்னு நினைக்கிறேன்." அவர் கை என் பக்கம் நீண்டது. "இவங்க யார் சொன்னாலும் கேட்பாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

கேள்வி நாத்தனாருக்கு. நான் தரையைப் பார்த்தேன். இப்போது என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அகப்பை வரும், கண்ணாடி வரும், பதினொரு வருடக் கதையும் வரும்.

"கொடுங்க சார்" என்றார் நாத்தனார். "நல்லா வேலை தெரிஞ்ச பொண்ணு. நாப்பத்தெட்டுல பாதி அவ வளர்த்ததுதான். ஒண்ணுகூடச் சாகல."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் அந்தப் பதவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். சத்தியமாகப் போயிருப்பேன். என்னால் முடியவில்லை.

"எனக்கு வேண்டாம் சார். நான் போன வருஷமே பூவைப் பார்த்துட்டேன். ஒண்ணு தப்பிப் பூத்துடுச்சு. ஊதாவாத்தான் இருந்துச்சு. அக்காகிட்ட காட்டாம பறிச்சுப் போட்டுட்டேன். காம்பு கறுத்திருக்குன்னு அக்கா கேட்டப்பகூட இல்லேன்னு சொன்னேன்."

"ஏன்?" என்றார் முதலாளி. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"திட்டுவாங்கன்னு."

எனக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த அறையில் நின்று, திட்டுவாங்கன்னு, என்று சொன்னேன். சொல்லும்போதுதான் அது எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று என் காதிலேயே விழுந்தது. முதலாளி எங்களைப் போகச் சொன்னார். சாயங்காலத்துக்குள் பொறுப்பு மாப்பிள்ளைக்குப் போய்விட்டது.

பேருந்து நிறுத்தத்தில் நாத்தனார் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் தள்ளி நின்றேன். எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். அவர் சாலையைப் பார்த்தபடியே பேசினார்.

"இருபத்துநாலு வருஷம் நான் கேட்ட பொறுப்பு அது. எனக்குக் கொடுக்கல, சரி. உனக்காவது வந்துச்சு. நம்ம வீட்டுக்கு வந்துச்சு. அதைப் போய் வேண்டாம்னு சொல்லிட்டு வந்து நிக்கிற."

"பூவைப் பார்த்ததை உங்ககிட்ட சொல்லலையேக்கா. அதுக்குக் கோவம் இல்லையா?"

"அது வேற" என்றார்.

அந்த வேறு என்ன என்று அவர் சொல்லவில்லை. பேருந்து வந்தது. வழக்கமாக என் பக்கத்தில் உட்காருகிறவர் அன்று முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். நடத்துநர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

வீட்டில் கணவரிடம் நடந்ததைச் சொல்லி, "போய் அக்காகிட்ட பேசுங்க" என்றேன். அவர் மாடிக்குப் போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கதவுல பிடி லூசா இருந்துச்சு. முடுக்கிக் கொடுத்துட்டு வந்தேன்."

அதற்குப் பிறகு இந்த வருடக் கன்றுகள் வந்து நாலு மாதம் ஆகிறது. மாப்பிள்ளையின் உத்தரவுப்படி ஒவ்வொரு தட்டிலும் இரண்டு தொட்டிக்குச் சிவப்பு நாடா கட்டியிருக்கிறோம். அவை பூக்கலாம். நாத்தனார் மறுபேச்சில்லாமல் கட்டினார். முன்வரிசை அவருக்கு, பின்வரிசை எனக்கு. குச்சியைக் கோணலாக ஊன்றினேன், பிடுங்கவில்லை. தண்ணீர் ஊற்றினேன், அதிகம் என்றும் சொல்லவில்லை, போதாது என்றும் சொல்லவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், நடுவில் மண். பதினொரு வருடம் இந்த வாய் ஒரு நாள் ஓயாதா என்று வேண்டியவள் நான்தான். ஓய்ந்திருக்கிறது. எனக்குத் தாங்கவில்லை.

போன வாரம் வேண்டுமென்றே ஒரு மொட்டை விட்டேன். நாடா கட்டாத தொட்டியில், குருடனுக்கும் தெரிகிற மாதிரி உச்சியில். பட்டாணி அளவைத் தாண்டி நெல்லிக்காய் அளவுக்குப் பெருத்தது. சாயங்காலம் நாத்தனார் அந்தப் பக்கம் வந்தார், நின்றார், பார்த்தார். நான் மண்ணைக் கிளறுவதுபோல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கையை நீட்டி மொட்டைக் கிள்ளிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்ந்தார்.

"அக்கா, அது நான் விட்டது" என்றேன்.

"பரவாயில்லைங்க" என்றார், கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வதுபோல.